புவனகிரியில் மூச்சு வாங்கும் வண்டி

"நிறுத்துய்யா, பொகை வருது!"

"பொகை இல்லக்கா, ஆவி."

"ரெண்டுல எது வந்தா என்னா? நிறுத்து!"

கொளஞ்சியப்பன் வண்டியை ஓரம் கட்டினான். புவனகிரி கடைத்தெரு முடிகிற இடம். பின்னால் கூடைகளுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒன்றும் கேட்காமல் இறங்கினார்கள். தினமும் இறங்குகிற இடம்தான். குப்பு மட்டும் தன் கூடையின் ஈரச் சாக்கை இழுத்து மூடிவிட்டு, "இன்னைக்கும் வெயிலு ஏறினப்பறந்தான் மார்க்கெட்டு. வஞ்சிரம் வாயப் பொளந்துரும்," என்றாள்.

"வண்டி பொளக்குதே, அதுக்கு என்னா சொல்ற?" என்றாள் சின்னப்பிள்ளை.

வண்டிக்காரி ராணியம்மாள் இறங்கினாள். முன்பக்கம் போய் நின்று ஆவி அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உலகச் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட செவர்லே வேன் அது. நாலு கை மாறி, கடலூர் சோதிக்குப்பத்து ராணியம்மாளிடம் வந்து சேர்ந்திருந்தது. மீன் கூடையைப் பார்த்தால் பஸ் கண்டக்டர்கள் நிற்காமலே விசில் கொடுத்துவிடுவார்கள். அதனால் குப்பத்துப் பெண்களுக்கு இந்த வண்டி இருந்தால்தான் சிதம்பரம் மார்க்கெட். இல்லையென்றால் பழையபடி தலைச்சுமையோடு பக்கத்துத் தெருக்களில் கூவிக்கொண்டு போக வேண்டியதுதான்.

காலையில் கடலூரில் கிளம்பும்போது ஒரு குறையும் தெரியாது. புவனகிரி வந்தால் மூச்சு வாங்கும். இஞ்சின் முக்கும், கொதிக்கும், நின்றுவிடும். அரை மணி ஆறப்போட்டால் திரும்ப நகரும்.

கடலூரில் மூன்று மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். முதலாமவர், "தண்ணி டேங்கு அடைச்சிருக்கு," என்று ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார். இரண்டாமவர் கார்புரேட்டரைப் பிரித்தார். மூன்றாமவர் பானெட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த வண்டி இன்னுமா ஓடுது?"

"ஓடலன்னுதானே உன்கிட்ட வந்தேன்."

"இஞ்சின் போச்சு. மாத்தணும்ன்னா இதுக்கு இஞ்சின் எங்க கெடைக்கும்? இப்ப வர்ற லாரின்னா கேளு, கண்ண மூடிக்கிட்டு செய்யறேன். இது நம்ம பழக்கத்துல இல்லாத வண்டி."

சாமான் கடைகளில் வேறு மாதிரி. வாசலில் நின்று "செவர்லே வேனுக்கு..." என்று ஆரம்பித்தாலே போதும். "அதுக்கு ஒண்ணும் வர்றது இல்லம்மா," என்று உள்ளேயிருந்து பதில் வந்துவிடும். என்ன சாமான் என்றுகூடக் கேட்கமாட்டார்கள்.

வீட்டில் புருஷன் கலியபெருமாள், கடலுக்குப் போகிறவர், ஒரு முடிவு எடுத்துவிட்டார்.

"காயலாங்கடை ஆண்டிகிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம வந்து ஒடைச்சி எடுத்துக்கறேன்னான்."

"என்ன ஒரு வார்த்த கேட்டியா மாமா?"

"கேட்டா நீ வேணாம்ப. அதான் கேக்கல."

"நெஜமாவே ஒடைச்சிருவியா?"

"படகு ஓட்டையாப் போனா கரையில வச்சிக்கிட்டு அழறோமா? வெறகுக்குத்தானே போவுது?"

"படகுன்னா நாலு வாட்டி அடைச்சிப் பாத்துட்டுத்தான் வெறகுக்குப் போடுவ. இத மூணு பேருதான் பாத்திருக்காங்க."

அது புதன்கிழமை. தைமாதம், அறுபத்து மூன்றாம் வருஷம்.

அன்றைக்கு மார்க்கெட்டில், கருவாடு எடுக்க வாராவாரம் வருகிற அமிர்தம் வந்திருந்தாள். காட்டுமன்னார்கோயிலில் நெல் அரைக்கிற ரைஸ் மில் ஒன்றில் அவள் புருஷனுக்கு வேலை. நெத்திலிக் கருவாட்டைக் கையில் எடுத்து உதறிக்கொண்டே கேட்டாள்.

"என்னாக்கா, மூஞ்சி ஒரு மாரி இருக்கு?"

ராணியம்மாள் சொன்னாள். அமிர்தம் வெளியே நிற்கிற வண்டியை ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அக்கா, இதே மூஞ்சி வண்டி ஒண்ணு எங்க மில்லுக் கொட்டாயில நிக்குது. ரோட்டுல ஓடாது. அது இஞ்சினுதான் மெஷினச் சுத்துது. எங்க வூட்டுக்காரருதான் பாத்துக்கறாரு."

"அவரு மெக்கானிக்கா?"

"அப்பிடித்தான் சொல்லிக்கறாரு. பட்டாளத்துல இந்த வண்டிங்களயே ரிப்பேர் பாத்தவராம். கல்யாணம் ஆன நாள்லேருந்து கேட்டுக்கேட்டு எனக்கே பாதி தெரியும்."

"நாளைக்கே கொண்டாரட்டா?"

"கொண்டாங்க. ஆனா ஒண்ணு, வாய் ஜாஸ்தி. நீங்க கோவிச்சிக்கக் கூடாது."

வியாழக்கிழமை மீனை இறக்கிவிட்டு, பெண்களை மார்க்கெட்டில் விட்டு, வண்டி காட்டுமன்னார்கோயிலுக்குத் திரும்பியது. கலியபெருமாளும் காலையில் குப்பத்திலேயே ஏறியிருந்தார்.

"நீ எதுக்கு மாமா?"

"நாலாவது ஆளும் போச்சுன்னு சொல்றத என் காதால கேட்டாத்தான், நாளைக்கு நீ ஆண்டிய வெரட்டாம இருப்ப."

வழியில் ஐந்து இடத்தில் நின்றார்கள். கடைசியில் மில் வாசலில் வந்து நின்றபோது வண்டியின் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒருவர், உடம்பெல்லாம் தவிடு பறக்க, வேகமாக வந்தார். அவர்தான் வைத்திலிங்கம். யாரையும் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார்.

"நாப்பத்தி ரெண்டு மாடல். எங்கய்யா புடிச்சீங்க இத?"

"நல்லாருக்கீங்களாண்ணே?" என்றான் கொளஞ்சியப்பன்.

"நான் நல்லாருக்கறது இருக்கட்டும். இஞ்சின நிறுத்தாத."

பானெட்டைத் திறந்து கையை வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக் கேட்டார். வேகத்தை விட்டு விட்டு ஏற்றச் சொல்லிக் கேட்டார்.

"என்னா கம்ப்ளெயிண்ட்டு?"

"இஞ்சின் போச்சுன்றாங்க," என்றாள் ராணியம்மாள்.

"எவன் சொன்னான்? என் மில்லு இஞ்சின விட இது நல்லாருக்கு. மாத்திக்கறியா சொல்லு, இப்பவே கழட்டறேன்."

ராணியம்மாள் கலியபெருமாளைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அதற்குப் பிறகு வைத்திலிங்கத்துக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. நடுவே மில்லில் நெல் மூட்டைக்காரர்கள் கூப்பிட்டார்கள், போனார், வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். கீழே படுத்துப் பார்த்தார்.

"டிரைவர், ஓட்டும்போது வேற எதுனா?"

"ஒண்ணும் இல்லண்ணே. இழுவதான் இல்ல. பிரேக்கு மட்டும் முன்ன விட அருமையா இருக்கு. காலு வச்சா கல்லு மாரி நிக்குது."

வைத்திலிங்கம் "ம்" என்றார். அதற்குள் மில்காரர்கள் மறுபடி கூப்பிட, போய்விட்டார்.

கலியபெருமாள் வேட்டியை உதறி எழுந்தார். "ராணி, போலாம் வா. நல்ல இஞ்சின்தான், நல்ல மனுசந்தான். வண்டி ஓடலியே."

"இருந்து பாக்கலாம் மாமா."

"எதப் பாக்கறது? பொழுது சாஞ்சா வெள்ளாத்துப் பாலத்துல நின்னுக்கிட்டு கெடக்கணும்."

அந்த நேரத்தில் வண்டியின் மறுபக்கத்திலிருந்து அமிர்தத்தின் குரல்.

"சீ, போ! சனியனே! இத பாருங்க இந்தக் கூத்த!"

"என்னாடி?" என்றார் வைத்திலிங்கம், மில்லுக்குள்ளிருந்தே.

"பூன! பின்னால பலகையெல்லாம் மீன் வாசன தூக்குது. அந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்கல. முன்சக்கரத்துகிட்ட தரைய நக்கிக்கிட்டு கெடக்கு. வெரட்டுனா உர்ருங்குது!"

வைத்திலிங்கம் வெளியே வந்தார். பூனையின் பக்கத்தில் குந்தினார். சக்கரத்தின் உள்பக்கம் கசிந்து தரையில் சொட்டியிருந்த ஈரத்தை விரலால் தொட்டார். மோந்தார். மூஞ்சியைச் சுளித்தார்.

"ஏய் டிரைவர், கியர நியூட்ரல்ல போடு. எல்லாரும் தள்ளுங்க."

கொளஞ்சியப்பன், கலியபெருமாள், ராணியம்மாள், மூட்டை தூக்க வந்த இரண்டு பேர், எல்லாரும் தள்ளினார்கள். சமதரையில் வண்டி அசையவில்லை.

"நாலு சக்கரத்தையும் பிரேக்கு கட்டிப் புடிச்சிக்கிட்டு இருக்கு. இஞ்சின் என்னா செய்யும்? பாவம், பிரேக்கு போட்ட வண்டியத்தான் கடலூர்லேருந்து இழுத்துக்கிட்டு வருது. கொதிக்காம குளிருமா?" என்று நிமிர்ந்தார் வைத்திலிங்கம். "அது சரி, பிரேக்கு எண்ணெய்ல மீனெண்ணெய் ஊத்துன மகராசன் யாரு?"

கொளஞ்சியப்பன் ராணியம்மாளைப் பார்த்தான். ராணியம்மாள் கொளஞ்சியப்பனைப் பார்த்தாள்.

"மீனெண்ணெய் இல்ல," என்றார் கலியபெருமாள், கொஞ்சம் ரோஷமாக. "சுறா எண்ணெய். ஈரல்ல காச்சினது. மல்துணியில ரெண்டு வாட்டி வடிகட்டி ஊத்துனேன்."

"மாமா! எப்ப?"

"டிரைவரு தன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தானே, அப்ப. பெடலுக்குக் கீழ குடுவையில எண்ணெய் கொறைஞ்சி இருந்துச்சு. கடையில போயி கேட்டேன். செவர்லேவுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டான். நம்ம வூட்டுல இல்லாத எண்ணெயா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே. அந்த மூணு மெக்கானிக்கும்தான் கேக்கல."

"இவ்ளோ பெரிய வேல பண்ணிட்டு..."

"என்னா பெரிய வேல? படகுக்கு அதத்தானே பூசறோம். மரம் நிக்குது. நங்கூரத்துல பூசறோம், துரு ஏறல. இதுக்கு மட்டும் ஆவாதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

வைத்திலிங்கம் சிரித்துவிட்டார். "மரத்துக்கு சரி. இரும்புக்கும் சரி. உள்ள ரப்பர் வாசர் இருக்குய்யா! அது எண்ணெயக் குடிச்சி ஊதிப் போயி, எண்ணெய் திரும்பி வர்ற ஓட்டைய அடைச்சிக்குது. ஒருவாட்டி பிரேக்கு போட்டா போட்டதுதான். வுடாது. ஆறுனா கொஞ்சம் வுடும்." கொளஞ்சியப்பன் பக்கம் திரும்பினார். "உனக்கு சக்கரம் தீயற நாத்தம் கூடவா வரல?"

"அண்ணே, நாள் பூரா கருவாட்டுக்கு முன்னால உக்காந்து பாருங்க. மூக்குன்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போவும்."

சாயங்காலத்துக்குள் ஒரு சக்கரத்தைக் கழற்றி உள்ளிருந்த வாசரை எடுத்துக் காட்டினார். மோரில் ஊறின வடை மாதிரி பொதபொதவென்று இருந்தது.

"புதுசு வேணும். எல்லா சக்கரத்துக்கும்."

ராணியம்மாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "அதானே. இந்த வண்டிக்கு ஒண்ணும் வர்றது இல்லியே. கேக்காத கடை இல்ல."

"என்னான்னு கேட்ட?"

"செவர்லே வேனுக்குன்னு கேட்டேன்."

"அதான் தப்பு. பேரச் சொன்னா கையை விரிப்பான். இந்தா," என்று உள்ளே வாசர் உட்காருகிற சின்ன இரும்புக் குமிழைத் துடைத்து அவள் கையில் வைத்தார். "இத காமி. இதுக்கு ஏத்த வாசர் குடுன்னு கேளு. இப்ப ஓடுற லாரிலயும் இதே அளவு இருக்கு. அப்பிடியே பிரேக்கு எண்ணெய் டின் ஒண்ணு. எண்ணெய் எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா?" என்றார் கலியபெருமாள்.

"ஒண்ணுதான்."

"பாவிப்பய, அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல கடைக்காரன்."

அமிர்தத்தையும் கூட்டிக்கொண்டு ராணியம்மாள் சிதம்பரம் பஸ் ஏறினாள். கண்டக்டர் மூக்கைத் தூக்கினான்.

"யாரு மீன் வச்சிருக்கறது? எறங்கு எறங்கு."

ராணியம்மாள் மடியிலிருந்து குமிழை எடுத்து நீட்டினாள். "இரும்பு. வேணும்ன்னா கடிச்சிப் பாரு."

அவன் மோந்து பார்த்தான். "இரும்புல ஏம்மா மீன் வாசன வருது?"

"அது பெரிய கதை. சிதம்பரம் ரெண்டு டிக்கெட்டு குடு."

லாரி சாமான் கடையில் பெஞ்சில் சாய்ந்திருந்தவர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"என்னா வண்டிம்மா?"

"வண்டி எதுக்கு? இதுக்கு ஏத்த ரப்பர் வாசர் குடுங்க."

"வண்டி பேரு சொன்னாத்தானே குடுக்க முடியும்."

"ஏங்க, வளையல்காரன்கிட்ட போனா கை அளவு பாப்பானா, குலம் கோத்திரம் கேப்பானா?"

அமிர்தம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கடைக்காரர் குமிழை வாங்கிப் பார்த்தார். ஒரு டப்பாவைத் திறந்து வாசர் ஒன்றை எடுத்து மாட்டினார். சரியாக உட்கார்ந்தது. அவருக்கே ஆச்சரியம்.

"எத்தினி வேணும்?"

"நாலு சக்கரத்துக்கும். எண்ணெய் ஒரு டின்."

"இப்பவாவது சொல்லும்மா, என்னா வண்டி?"

"செவர்லே. பட்டாளத்துது."

"அதுக்குத்தான் ஒண்ணும் வர்றது இல்லியே!" என்றார் அவர், வாசர்களைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே.

மார்க்கெட்டில் காத்திருந்த பெண்களைக் கடலூர் போகிற லாரி ஒன்றில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள் ராணியம்மாள். அன்றிரவு மில் களத்தில் நெல் குவியல்களுக்குப் பக்கத்தில் படுத்தார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வைத்திலிங்கம் வேலையில் இறங்கினார். குழாய்களையெல்லாம் ஸ்பிரிட் விட்டு அலசினார். சக்கரங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசியில் பெடலுக்குக் கீழே இருக்கிற எண்ணெய்க் குடுவையைப் பிரித்தவர் உச்சுக்கொட்டினார்.

"இதுல இருக்கற வாசர் வேற அளவு. இது எந்த லாரிலயும் வராது."

கலியபெருமாள் வெயிலைப் பார்த்தார். "ஆண்டி வந்திருப்பான்."

ராணியம்மாள்தான் மெல்லக் கேட்டாள். "அண்ணே, கொட்டாயில நிக்கற வண்டியில இதே குடுவ இருக்காதா?"

"இருக்கு. ஆனா..."

"அது கெட்டுப் போயிருக்கும்," என்றான் கொளஞ்சியப்பன்.

"யாருகிட்ட சொல்ற? கெட்டுப் போவ வுட்டுடுவேனா? எண்ணெய் மாத்தி, வாரம் ஒருவாட்டி பெடல மிதிச்சி, புதுசு மாரி வச்சிருக்கேன்."

அமிர்தம் இடுப்பில் கையை வைத்தாள். "ஏங்க, அந்த வண்டிக்கு சக்கரம் இருக்கா?"

"இல்ல."

"செங்கல்லு மேல நிக்குது. அது எங்க ஓடிப் போயிடும்ன்னு அதுக்கு பிரேக்கு?"

"உனக்குத் தெரியாதுடி. ஒரு வண்டின்னா பிரேக்கு இருக்கணும்."

"ஓடற வண்டிக்கு இருக்கட்டும்."

"மொதலாளி என்னா சொல்லுவாரு?"

"மொதலாளிக்கு மெஷின் சுத்துனா போதும். வண்டியில பிரேக்கு இருக்குன்னே அவருக்குத் தெரியாது. இருந்தாலும் உள்ளதான் இருக்காரு, கேட்டுட்டு வாங்க."

வைத்திலிங்கம் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்தார்.

"என்னா சொன்னாரு?"

"பிரேக்கா, அது எதுக்குய்யா நமக்குன்னாரு." குரலில் வருத்தம் இருந்தது. "இத்தினி நாளு யாருக்காவ நான் மிதிச்சேன்?"

"எனக்காவ மிதிச்சீங்கண்ணே," என்றாள் ராணியம்மாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். குடுவையைத் தானே கழற்றி, துணியில் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

பூட்டி முடித்ததும் "தள்ளுங்க" என்று அவர் சொல்வதற்கு முன்பே ராணியம்மாள் வண்டியின் பின்னால் போய் ஒரு கையை வைத்தாள். வண்டி நகர்ந்தது. நகர்ந்து, களத்துச் சரிவில் தானாகப் போக ஆரம்பித்தது.

"புடி! புடி! நெல்லு மேல ஏறப்போவுது!" என்று கத்தினாள் அமிர்தம். கொளஞ்சியப்பன் தாவி ஏறிப் பெடலை மிதித்தான். நின்றது. காலை எடுத்தான். மறுபடி நகர்ந்தது.

"பாரு, வுடுது! வுடுது!" என்று வைத்திலிங்கம் சின்னப் பையன் மாதிரி கை தட்டினார். ராணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நிறைய நேரம் துடைத்தாள்.

கிளம்பும்போது கலியபெருமாள் வைத்திலிங்கத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

"மச்சான், அடுத்த வாட்டி எண்ணெய் கொறைஞ்சா?"

"என்கிட்ட வா."

"சாமான் எதுனா வேணும்ன்னா?"

"என்கிட்ட வா. கொட்டாயில இன்னும் பாதி வண்டி இருக்கு. ஆனா சுறா எண்ணெய் கொண்டாந்தா, அத என் முட்டியில தேச்சிக்கறேன், வண்டிகிட்ட காட்டாத."

புவனகிரியில் கொளஞ்சியப்பன் தானாகவே வேகத்தைக் குறைத்தான். பழக்கம்.

"ஏன்யா நிறுத்தற?"

"நிறுத்தலக்கா. நிக்குதான்னு பாக்கறேன்."

நிற்கவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏற்கெனவே ஒரு துளி ஆவி இல்லாமல் ஏறி இறங்கியிருந்தது. ராணியம்மாள் கதவுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த கையைப் புவனகிரியில்தான் விட்டாள். விரல்களில் ரத்தம் ஓட ஆரம்பித்து, சுருக்கென்றது.

சோதிக்குப்பத்தில் காயலாங்கடை ஆண்டி இரண்டு ஆட்களோடு மணலில் குந்தியிருந்தான். பக்கத்தில் கடப்பாறை, சம்மட்டி. வண்டியின் சத்தம் கேட்டு எழுந்தான்.

"என்னா மாமா, ஓட்டிக்கிட்டே வர்றீங்க?"

"ஓடுது. அதான் ஓட்டிக்கிட்டு வர்றோம்," என்றார் கலியபெருமாள், எட்டிக் குதித்து.

"போச்சுன்னீங்களே."

"போவல. நாந்தான் எண்ணெய மாத்தி ஊத்திட்டேன். இஞ்சின் மேல தப்பு இல்ல." ஆண்டியிடம் இதை ஊரே கேட்கிற சத்தத்தில் சொன்னார். "உன்ன அலைய வச்சதுக்கு மனசுல வச்சிக்காத. வூட்டுல கொளம்பு இருக்கு, ஆளுங்களயும் கூட்டிக்கிட்டு சாப்ட்டுட்டுப் போ."

"என்னா கொளம்பு?"

"சுறா."

ஆண்டி கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டுக் கை கழுவப் போனான்.

அதற்குள் குப்பும் சின்னப்பிள்ளையும் ஓடி வந்துவிட்டார்கள். குப்பு டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தாள்.

"நெஜமா ஓடுதா ராணி?"

"ஓடுது."

"நாளைக்கு மார்க்கெட்டு உண்டா?"

"உண்டு. வெயிலு ஏறறதுக்குள்ள போயிடலாம்."

"அப்ப முன்னால கதவு ஓரம் எனக்கு," என்றாள் குப்பு.

"ஏன், உன் பேருலயா எழுதி வச்சிருக்கு?" என்றாள் சின்னப்பிள்ளை. "போன வாரம் பூரா நீதான் காத்து வாங்கிக்கிட்டு வந்த. என் கூடை உள்ள வெந்துச்சு."

"புவனகிரியில எறங்கி அரை மணி காத்து வாங்கினியே, அது பத்தலியா?"

"இனிமே எங்கடி எறங்கறது? அதான் ஓடுதுன்றாளே!"

"ராணி, நீயே சொல்லு, கதவு ஓரம் யாருக்கு?"

ராணியம்மாள் பின்கதவைத் திறந்துவிட்டு, வாளித் தண்ணீரை எடுத்துப் பலகையில் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தாள். "நீங்க சண்ட போடுங்கடி," என்றாள். "நல்லா போடுங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."